பீங்கான் கால்களில் நின்ற பெட்டி

ஆறு வயதில் இரண்டு முறை நீ தரையில் விழுந்து, கை கால் விறைத்துக் கிடந்தாயே, அது வலிப்புதானா? இன்று காலை பதினோரு மணி வரை எனக்கு இப்படி ஒரு கேள்வியே இருந்ததில்லை. வலிப்புதான் என்று உன் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், இரண்டு மாதத்துக்கு முன்னால் உனக்குத் தேன்மொழியைப் பெண் பார்க்கச் சேத்தியாத்தோப்புக்குப் போனபோது அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தயங்காமல் சொன்னேன். இப்போது மணி மூன்று. வலது கை தோள்பட்டை வரை இன்னும் மரத்துக் கிடக்கிறது. கையெழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போவது அதனால்தான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நாளைக் காலை ரயிலில் நீ வருகிறாய், கல்யாணப் பத்திரிகை கொடுக்க அப்பாவோடு நாலு ஊர் போவதாக ஏற்பாடு. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். போனில் நான் உன்னிடம் சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய் என்பதற்கு மேல் பேசிப் பழகியவள் இல்லை. நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திக்கொண்டு காபி போடப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்து முடித்த பிறகு இதை மற்றவர்களும் படிக்கலாம். என் பேச்சைக் கேட்ட சிலர் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "பரண் மேல கெடக்குற அந்தப் பழைய கம்ப்யூட்டரக் குடும்மா, அது போதும். புது வூட்டு ஹால்ல வச்சிக்கிறேன்" என்றாய். அது எங்கள் பீங்கான் கம்பெனியில், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, பீங்கானுக்குப் பூசும் மெருகுக் கலவையின் கணக்குப் போடுவதற்காக முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. புதிய கம்ப்யூட்டர்கள் வந்ததும் இதைக் கிடங்கில் போட்டார்கள். லேப்பில் நான்தான் அதைக் கடைசியாகப் பயன்படுத்தியவள் என்பதால், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் அந்த ஃபேன் பெட்டி. செங்கல் இரண்டு அடுக்கிய அளவு, பிஸ்கட் நிறத்தில் தகரப் பெட்டி. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டி வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் கம்ப்யூட்டரின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளும். பின்னால் இரண்டு பிளக் பாயின்ட், ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று திரைக்கு. முன்னால் சிவப்பு விளக்கு எரியும் ஒரு சுவிட்ச். அந்த ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லாம் ஓடும், தட்டினால் எல்லாம் நிற்கும். உனக்கு அந்தச் சிவப்பு விளக்கின் மேல் ஆசை. போடுவது நான், நிறுத்துவது நீ என்று நமக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் பெரிய கோளாறு இல்லை, எழுத்துக் கட்டைகளில் ஒட்டடைதான். ஃபேன் பெட்டிதான் ஓடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபேன் முனகியது, சுற்றவில்லை. மூடியின் நாலு திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை மண். கம்பெனியில் அரைக்கிற களிமண் தூசி எத்தனை வருஷம் ஆனாலும் போகாது, பவுடர் பூசியதுபோல ஒட்டிக்கொண்டே இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன், ஃபேனின் அச்சில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன், விரலால் சுற்றிச் சுற்றிப் பழக்கினேன். மூன்றாம் நாள் அது தானாகச் சுற்றியது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் நான் பொருத்திய பீங்கான் ரீல்கள் அப்படியே இருந்தன. பழைய வீடுகளில் ஒயரைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடிப்பதற்கு வைப்பார்களே, நூல்கண்டு மாதிரி, அது. அவற்றைத் துடைத்துவிட்டுப் பெருமையாகக்கூடப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை.

இன்று காலை, கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கூடத்தில் இரும்பு மேசை மேல் வைத்துப் போட்டேன். நன்றாக ஓடியது. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து, பெட்டி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்க்க ஈரக் காலோடு போய் உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். வைத்தது மட்டும்தான் தெரியும். கை என்னுடையதாக இல்லை. பல் கிட்டிக்கொண்டது. யாரோ தோளில் கட்டையால் அடித்துப் பின்னால் தள்ளியதுபோல் சுவரில் போய் மோதினேன். அதே நொடியில் வாசல் பக்கம் டப்பென்று சத்தம் கேட்டு வீடு முழுக்கக் கரண்ட் போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒயரிங் மாற்றியபோது அப்பா பிடிவாதமாக வாங்கி மாட்டினாரே, கரண்ட் கசிந்தால் தானே அணைகிற அந்த டிரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. விழாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். தரையில் இருந்து பார்த்தால் மேசையின் அடிப்பக்கமும் பெட்டியின் நாலு வெள்ளைக் கால்களும் தெரிந்தன. நீ விழுந்து கிடந்த இடமும் இதுதான், இந்த மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அப்போதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை. எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனுக்குக் கீழே கறுப்பு அட்டை ஒன்று மூடியிருந்ததே, போன வாரம் நான் தொடாமல் விட்ட பகுதி, அதைக் கழற்றினேன். கருகிய வாசனை வந்தது. ஒரு கண்டென்சர் வெடித்துப் பழுப்பாக ஒழுகியிருந்தது, சூடேறினால் அது தகரத்துக்குக் கரண்டைக் கசியவிடும். பெட்டியின் தகரத்தோடு இணைந்திருக்க வேண்டிய பச்சை ஒயர், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த், பாதியில் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது. அட்டையின் உள்பக்கம் எங்கள் லேப் லேபிள் ஒன்று. "எர்த் நீக்கப்பட்டது. பீங்கான் தாங்கி நான்கு பொருத்தப்பட்டது. ஃபியூஸ் போவது நின்றது." கீழே தேதி, என் சுருக்கொப்பம். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதம். முதல் தடவை நீ விழுந்தது அதற்கு அடுத்த மாதம், ஆடியில்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். பொய் இல்லை. லேபிளைப் படிக்கப் படிக்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. அந்த ஜூன் மாதம் பெட்டியைப் போட்டு அரை மணி ஆனால் ஃபியூஸ் போகும். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் போனது. எங்கே கோளாறு என்று தேடாமல், எது இல்லாவிட்டால் ஃபியூஸ் போகாது என்று தேடினேன். எர்த் ஒயரை வெட்டினேன், ஃபியூஸ் நின்றது. ஆனால் இரும்பு மேசையைத் தொட்டால் லேசாக விறுவிறுவென்றது. அதற்குத்தான் பீங்கான். கம்பெனியில் கழித்துப் போட்ட ரீல் நாலு கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் பொருத்தினேன், மேசை சாதுவாகிவிட்டது. பீங்கான் வழியாகக் கரண்ட் போகாது, அது சரிதான். இந்த ஊரில் பாதிப் பேர் அந்த ஒரு நம்பிக்கையை விற்றுத்தான் சாப்பிடுகிறோம். மேசையைக் காப்பாற்றிவிட்டு, பெட்டியின் தகரத்தைத் தொடப்போகிற கையை நான் நினைக்கவே இல்லை. போகிற வழி இல்லாமல் பெட்டியில் நின்ற கரண்டுக்கு அடுத்த வழி அந்தக் கைதான். இது பள்ளிக்கூடப் பாடம். நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி.

நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவள். பெட்டி ஆறியிருக்கும்போது அதைப் போட்டவள். நீ வெறுங்காலோடு ஓடுகிறவன். அரை மணி ஓடிச் சூடான பிறகு நிறுத்தியவன். முதல் தடவை சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தாய். இரண்டாவது தடவை ஐப்பசி மழையில் நனைந்து ஸ்கூலிலிருந்து வந்த நாள். இரண்டு முறையும் நான் அடுப்படியில் இருந்தேன். "நிறுத்திட்டு வாடா, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டேன். ஸ்டூல் விழுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நீ விறைத்துக் கிடந்தாய், வாயோரம் எச்சில். என் சின்ன மாமாவுக்கு வலிப்பு உண்டு, சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

அப்பா பார்த்தார். இரண்டாவது தடவை உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது உன் சுட்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கரண்டு கிரண்டு அடிச்சிருக்குமா? விரல்ல வெள்ளையா ஒரு புள்ளி இருக்குது பாரு" என்றார். "படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க. அது பீங்கான் மேல நிக்குது" என்றேன். அவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டுப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர், நான் கம்பெனி லேப்பைப் பார்த்துக்கொள்கிறவள். அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பாண்டிச்சேரியில் டாக்டரும் அதையே கேட்டார். "கரண்ட் எதாவது தொட்டானாம்மா?" நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு என் காதில் விழுகிறது. "வாய்ப்பே இல்லைங்க டாக்டர். நான் பிசிக்ஸ் எம்.எஸ்ஸி., வூட்டுல எல்லாத்தையும் நானே பாத்து வச்சிருக்கேன். எங்க மாமாவுக்கு வலிப்பு உண்டுங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தலையில் ஒயர் வைத்து எடுத்த ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் இரண்டு முறை விழுந்திருக்கிறான், மாத்திரை போடுவது நல்லது என்றார். கம்ப்யூட்டர்த் திரை மினுக்குவது சில பிள்ளைகளுக்கு ஆகாது, கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

மாத்திரை ஆரம்பித்த அன்றே கம்ப்யூட்டர் பெட்டியோடு பரணுக்குப் போனது. அதற்குப் பிறகு நீ விழவே இல்லை. மூன்று வருஷம் மாத்திரை தவறாமல் கொடுத்தேன், மாத்திரையால்தான் நின்றது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். சூளையில் ஓடு வெடித்தால், மண்ணையும் சூட்டையும் ஒரே நாளில் மாற்றாதே, மாற்றினால் எது சரிசெய்தது என்று உனக்குத் தெரியாமலே போகும். என் பிள்ளை விஷயத்தில் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எனக்குப் பிடித்த ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெயரோடு நீ பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டாய். சைக்கிள் வேண்டாம் என்றேன். கிணற்றுக்குப் போகாதே என்றேன். ரயிலில் மேல் படுக்கை வேண்டாம் என்றேன். இருபத்தைந்து வயதில் இன்னும் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஜங்ஷனுக்குப் போகிறாய். உன் சிநேகிதன் ஒருவன் அங்கே, "என்ன மாப்ள, தாலி கட்டவும் அப்பாதான் கூட்டிக்கிட்டு வரணுமா?" என்று கேட்டதற்கு நீயும் சேர்ந்து சிரித்ததாக அப்பா சொன்னார். பாத்ரூம் கதவின் உள் தாழ்ப்பாளை அப்பாவை விட்டுக் கழற்ற வைத்தேன். உள்ளே நீ விழுந்துவிட்டால் கதவை உடைக்க வேண்டியிருக்குமே என்று. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாம் திட்டினார்கள். உன் அத்தை யாரும் உள்ளே வந்துவிடக்கூடாதே என்று குளித்து முடிக்கும்வரை உரக்கப் பாடிக்கொண்டே இருப்பாள், நாம் கூடத்தில் சிரிப்போம். நீ குளிக்கப் போனால் நான் வெளியே நின்று "இருக்கியா?" என்பேன். "இருக்கேன்" என்பாய். போன பொங்கலுக்கு வந்தபோதும் கேட்டேன், நீயும் சலிக்காமல் பதில் சொன்னாய்.

இதெல்லாம்கூடப் போகட்டும். டிப்ளமோ முடித்த வருஷம் ரயில்வேயில் இன்ஜின் ஓட்டும் வேலைக்கு நீ விண்ணப்பம் நிரப்பினாயே. இந்த ஜங்ஷனில் இன்ஜின் மாற்றுவதைப் பார்ப்பதற்காக ஸ்கூல் விட்டு நேரே பிளாட்பாரத்துக்குப் போனவன் நீ. இந்தக் கம்ப்யூட்டரில்கூட நீ கேட்டதெல்லாம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ரயில் ஓட்டிக் காட்டு என்பதுதான். மூன்று வரி எழுதிக் காட்டினேன், எழுத்துகள் வரிசையாக நகர்ந்தன. விண்ணப்பத்தை என்னிடம் காட்டினாய். "வலிப்பு இருந்தத மறைக்கக் கூடாதுடா. உனக்குப் பின்னால ஆயிரம் பேரு உசுரு இருக்குது" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். நான் அன்று என் நேர்மையை நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

உனக்கு இன்னும் வயது இருக்கிறது, மறுபடியும் விண்ணப்பிக்கலாம். போய் எழுது, உனக்கு வலிப்பே இல்லை என்று சொல்லிவிட என் நாக்கு துடிக்கிறது. சொல்ல முடியவில்லை. ஈரக்கால், சூடான பெட்டி, விரலில் வெள்ளைப் புள்ளி, பரணுக்குப் போன பிறகு ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரு பக்கம் காட்டுகிறது. ஆனால் என் மாமாவுக்கு இருந்தது. வலிப்பு வந்த பிள்ளைகள் பலருக்கு வளர வளர நின்றும் போகிறது. முதலில் ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் விட்டவள், இப்போது மனசு ஆற வேண்டும் என்பதற்காக எதிர்ப்பக்கம் ஒரு முடிவைக் கட்டிக்கொண்டால், அதே தப்பைத்தான் மறுபடியும் செய்வேன். அதுவும் உன் பின்னால் ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு.

இதுவரை எழுதியிருந்தபோது அப்பா ஷிப்டு முடிந்து வந்துவிட்டார். "என்னா இது, வூடே கருகுன வாசன அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் லேபிளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது ஒன் கையெழுத்தாச்சே."

"ஆமாங்க."

பெட்டியை ஒரு தரம் பார்த்தார், வெட்டிய ஒயரைப் பார்த்தார், மறுபடியும் லேபிளைப் படித்தார். அப்போதே சொன்னேனே என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கை எப்படி இருக்குது? வெந்நி வச்சுத் தரட்டா?" என்றார்.

"திட்டுறதுன்னா திட்டிடுங்க."

"பத்தொம்போது வருஷம் கழிச்சு என்னாத்தத் திட்டுறது? மாத்திரயக் கைல வச்சிக்கிட்டு அவன் பின்னாலயே ஓடுனவ நீதான." சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "பையங்கிட்டச் சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன். இது நீ சொல்ல வேண்டியது."

அவர் வெந்நீர் வைக்கப் போனதும் சரோஜாவுக்குப் போன் போட்டேன். எங்கள் கம்பெனியில் பொருட்களை மெருகில் முக்கி எடுக்கிறவள், உனக்குத் தெரியும்.

"சரோஜா, ஒன் கிரைண்டருக்கு அடியில ரீல் வச்சிருந்தியே, இருக்குதா?"

"இருக்குதுக்கா, நீங்க குடுத்ததுதான். ஏன், கம்பெனில திருப்பிக் கேக்குறாங்களா?"

"எர்த் ஒயரு?"

"அத அப்பவே புடுங்கிப் போட்டாச்சு. பீங்கான் இருந்தா போதும்னு நீங்கதானக்கா சொன்னீங்க. எம்மெஸ்ஸி படிச்சவங்க பேச்சு தப்பாவா போயிடும்?"

"தப்புதான். பிளக்கப் புடுங்கு. இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்."

"மாவு பாதில நிக்குதுக்கா."

"மாவு கெடக்குட்டும்டி!"

"எம்மா, 'டி' போட்டுட்டீங்களே! இருபது வருஷத்துல இதான் மொத தடவ. இருங்க, புடுங்கிட்டு வரேன்."

அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிடுங்கியாச்சு என்று அவள் வந்து சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் அடியில் பீங்கான் வைத்தவர்கள் என்று நினைவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். ஒன்பது பேருக்குச் சொல்லிவிட்டேன். ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டார், ஒருவர் போன் எடுக்கவில்லை. இதை எல்லோரும் படிக்கட்டும் என்று சொன்னது அதனால்தான். பீங்கான் எர்த்துக்கு ஈடாகாது. ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால், போகவிடாமல் செய்யாதீர்கள், ஏன் போகிறது என்று பாருங்கள்.

உன் கல்யாணத்துக்கு நான் புத்தி சொல்ல வேண்டிய நேரம் இது, அதற்கான யோக்கியதை இன்று எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்னைவிடக் குறைவாகப் படித்த ஒருவர், உன்னைவிடக் குறைவாகப் பேசும் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து "இப்படி இருக்குமோ?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதே. எழுந்து போய்ப் பார். தேன்மொழி உன்னிடம் அப்படி எதையாவது கேட்பாள். அவள் வீட்டில் அன்று நான் வலிப்பைப் பற்றிச் சொன்னதும் அவள் அம்மா முகம் மாறியது. உள்ளே இருந்து, "அவரே எங்கிட்டச் சொல்லிட்டாரும்மா, நான் சரின்னுட்டேன்" என்று அவள் குரல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத ஒன்றை அந்தப் பெண் ஏற்றுக்கொண்டு வருகிறாள். அவளிடமும் இதைச் சொல்லிவிடு. மன்னித்துவிடு என்று எழுதலாம், எழுதினால் நீ உடனே சரிம்மா என்பாய். அந்தச் சரிம்மாவை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் நடந்ததையும் இதிலேயே எழுதி வைக்கிறேன்.

கடிதத்தை உன் கையில் கொடுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் லேபிளோடு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தோளில் இருந்த பையை இறக்காமலே நின்றபடி படித்தாய். கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனாய். பிறகு, "பெட்டி எங்கம்மா?" என்றாய்.

என் ரப்பர் செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு, வெட்டிய பச்சை ஒயரை நீட்டித் தகரத்தில் முடுக்கினாய். கண்டென்சரைத் தொடவில்லை. என்னையும் அப்பாவையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டாய். ஃபேன் சுற்றியது. ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நாங்களும் பார்த்தோம். இருபத்தாறாவது நிமிஷம் வாசலில் டப்பென்று சத்தம். ஃபேன் மெல்ல நின்றது.

"இதத்தான் அந்த ஃபியூஸு அன்னிக்கே சொல்லியிருக்குது. மூணு வாட்டி சொல்லியிருக்குது. நீ வாய அடைச்சிட்ட." நீ என்னிடம் குரலை உயர்த்தியது எனக்கு ஞாபகம் தெரிந்து அதுதான் முதல் தடவை. பிளக்கைப் பிடுங்கினாய். பிறகு, "வலிப்பு இல்லன்னு நீ எழுதல" என்றாய்.

"எழுதலப்பா. எனக்குத் தெரியல."

"பாண்டிக்குப் போவோம். இந்த லேபிளக் காட்டுவோம். டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும், மொதல்லருந்து. நான் வாயத் தொறக்க மாட்டேன்." வருகிற வியாழக்கிழமைக்கு நீயே போன் போட்டு நேரம் வாங்கினாய். கண்டென்சரை வெட்டி எடுத்தாய், அது இல்லாமலும் பெட்டி ஓடும் என்றாய். எடுத்த பிறகு ஒன்றரை மணி நேரம் ஓடியது, தகரத்தில் வைத்துப் பார்த்தால் டெஸ்டர் எரியவில்லை, டிரிப் சுவிட்ச் விழவில்லை. பீங்கான் ரீல்களை நாலையும் கழற்றி ஜன்னலில் வரிசையாக வைத்தாய். ரயில்வே வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்தில் நின்று தேன்மொழியிடம் நெடுநேரம் பேசினாய். "அழாத, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

குளிக்கப் போகும்போது பாத்ரூம் கதவருகில் நின்று, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டையைத் தடவிப் பார்த்தாய். "அப்பா, கடைல போயி ஒரு தாப்பா வாங்கிட்டு வரலாமா?" என்றாய். அப்பா உள்ளே போய், ஆணி திருகாணி போட்டு வைக்கிற அவருடைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தப் பழைய தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் இருந்தன. துளி துருவில்லை.

"இத எதுக்குங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"தேவப்படும்னுதான்" என்றார்.

நீங்கள் இருவரும் சேர்ந்து அதை முடுக்கினீர்கள். பழைய ஓட்டைகளிலேயே பொருந்தியது. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய், தாழ்ப்பாள் விழுந்தது. நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். "இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதினாறு நிமிஷம் கழித்துத் தாழ்ப்பாளை நீயே திறந்துகொண்டு, தலையைத் துவட்டியபடி வெளியே வந்தாய்.